மூட்டை மேல் ஏறிய ஆள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரப் பயிற்சியில் ஒரு படம் காட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் தவிட்டுக் கிடங்கு. இன்னொரு பக்கம் எண்ணெய் பிரிக்கும் கூடம், அதன் சுவரோரம் சின்னதாக ஒரு வால்வு. நடுவில் எரிகிற மூட்டைகள். அந்த மூட்டைகளின் மேல் ஓர் ஆள் ஏறிக்கொண்டிருப்பார். அவர்மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. கீழே, ‘அனுமதியும் தற்காப்பு உடையும் இல்லாமல் தீக்குள் நுழையாதீர்’ என்று ஒரு வரி. காட்டியவர் அதில் அரை நிமிடம்கூட நின்றிருக்கமாட்டார்.

அந்தப் படத்தைத் தயாரித்தவன் நான். பெருக்கல் குறியைப் போட்டதும் நான்தான்.

தொழிற்சாலைகளுக்கு இட அமைப்பு வரைந்தே முப்பத்தைந்து வருடம் ஓட்டியவன் நான். எந்த இயந்திரம் எங்கே நிற்க வேண்டும், எதற்கும் எதற்கும் நடுவில் எவ்வளவு இடம் விட வேண்டும், ஒன்று பற்றிக்கொண்டால் அடுத்தது பற்றாமல் இருக்க என்ன வழி, இதுதான் என் பிழைப்பு. ‘உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க சார், புதுசா வந்த பசங்களுக்கு உபயோகமா இருக்கும்’ என்று அலுவலகத்தில் கேட்டார்கள். பெருமையடித்துக்கொள்ளும் கதைகள் என்னிடம் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. அவற்றைப் பணி நிறைவு விழாவிலேயே எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் இந்த ஒரு படத்தைப் பற்றி மட்டும் எழுதப் போகிறேன். படித்து முடித்ததும் உங்களுக்கு என்மேல் மரியாதை குறையும். குறையட்டும்.

லால்குடிப் பக்கம் ஒரு தவிட்டு எண்ணெய் ஆலை. பெயர் வேண்டாம். பழைய ஆலையை இடித்துவிட்டுப் பக்கத்து மனையில் பெரிதாகக் கட்டப் போகிறோம் என்று எங்களிடம் வந்தார்கள். தவிட்டை ஹெக்ஸேன் என்ற திரவத்தில் ஊறவைத்து எண்ணெயைப் பிரிப்பார்கள். ஹெக்ஸேன் பெட்ரோலுக்கு அண்ணன். அதன் ஆவி மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போய் எங்காவது நெருப்பைத் தேடிப் பிடிக்கும். தவிடும் ஒன்றும் சாது இல்லை. ஈரம் பட்ட தவிட்டைக் குவித்துவைத்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறி, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே புகைய ஆரம்பிக்கும்.

ஆகவே, தவிட்டுக் கிடங்கு ஓர் ஓரம், ஹெக்ஸேன் இருக்கும் கூடம் மறு ஓரம், நடுவில் வெறும் தரை. கிடங்கு எரிந்தால் கிடங்கோடு போகட்டும், கூடத்துக்கு வரக்கூடாது. விதி கேட்டதற்கு மேலேயே இடம் விட்டேன். மனை விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அவ்வளவு நிலத்தைச் சும்மா போட ஒரு முதலாளியைச் சம்மதிக்கவைத்தது சின்ன விஷயம் இல்லை. வரைபடத்தில் அந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தேன். கூடத்துக்குப் போகும் ஹெக்ஸேன் குழாயை அவசரத்தில் மூட ஒரு கைவால்வு வேண்டும். தொட்டி உயரத்தில் இருப்பதால், மின்சாரமே போனாலும் திரவம் தானாக இறங்கி வந்துகொண்டிருக்கும். கையால் மூடினால்தான் உண்டு. அந்த வால்வை எங்கே வைப்பது? எப்போதும் காலியாக, தடை எதுவும் இல்லாமல், யாரும் ஓடிப்போய்த் தொடக்கூடிய இடம் எது? நான் விட்டிருந்த வெள்ளை இடம்தான். அங்கே, கூடத்துச் சுவரை ஒட்டி வைத்தேன்.

வரைபடத்தை இறுதி செய்யும் கூட்டம் திருச்சி கண்டோன்மென்டில் எங்கள் அலுவலகத்தில் நடந்தது. ஆலை மேலாளர் வந்தார். கூடவே இருதயராஜ் என்ற ஆபரேட்டரையும் அழைத்து வந்திருந்தார்; எங்கள் தாள்களில் ஆபரேட்டருக்கு ‘இயக்குநர்’ என்று பெயர். பழைய ஆலையில் பதினைந்து வருடம் ஹெக்ஸேன் பகுதியை ஓட்டியவர். நெடுநெடுவென்று, நரைத்த மீசையோடு இருப்பார். உட்காரச் சொன்னோம். உட்காராமல், டீ தம்ளரைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். இரண்டு மணி நேரம் வாயே திறக்கவில்லை. எல்லாம் முடிந்து சுருட்டப் போகும்போது முன்னால் வந்து, வரைபடத்தின் நடுவில் விரலை வைத்தார்.

“சார், இங்க வெள்ளையா இருக்கே, இது என்ன?”

“அது காலி இடங்க. அங்க எதுவும் வராது.”

“சீசன்ல வந்துரும் சார்.”

“என்ன வரும்?”

“மூட்டைதான். தை பொறந்து அறுப்பு ஆரம்பிச்சா சுத்துப்பட்டு ரைஸ் மில்லு எல்லாத்துலேருந்தும் ஒரே நேரத்துல தவிடு வந்து இறங்கும். அஞ்சாறு நாளைக்குள்ள ஓட்டலேன்னா எண்ணெ கெட்டுப்போயிரும். லாரிய திருப்பி அனுப்ப முடியாது. கெடங்கு ரொம்பிட்டா எங்க எடம் இருக்கோ அங்கதான் அடுக்குவாங்க. நீங்க வால்வ ரோட்டுப் பக்கமா மாத்திக் குடுத்துருங்க சார், புண்ணியமாப் போவும்.”

மேலாளர் சிரித்தார். “அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் இருதயம். புது ஆலையில பழைய பழக்கமெல்லாம் கெடையாது.”

நானும் சிரித்தேன். சாலைப் பக்கம் வைத்தால் பின்னால் வரும் லாரி ஒருநாள் இடித்துவிடும் என்று விளக்கினேன். அது பொய் இல்லை, நல்ல காரணம்தான். அவர் கேட்டுக்கொண்டார். “சரிங்க சார்” என்று தம்ளரைக் கொண்டுபோய் வாசலில் இருந்த தட்டில் வைத்தார். கூட்டக் குறிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன். ‘இயக்குநர்கள் தரப்பில் கருத்து’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘இல்லை’ என்று அடித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். வழக்கம். எல்லாக் குறிப்பிலும் அந்தக் கட்டத்தில் அப்படித்தான் அடிப்போம்.

இதில் கொடுமை என்னவென்றால், நான் வேறு ஊர்க்காரன் இல்லை. ஸ்ரீரங்கத்தில்தான் குடியிருக்கிறேன். ஒவ்வொரு தை மாதமும் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் நம்பர் ஒன் டோல்கேட்டில் தவிட்டு லாரிகள் வரிசைகட்டி நிற்கும். சமயபுரம் போகும்போதெல்லாம் அந்த லாரிகளால் அரை மணி நேரம் தாமதம் ஆகும். ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டு திட்டித் தீர்ப்பேன். இத்தனை தவிடும் போய் இறங்க ஓர் இடம் வேண்டுமே என்று ஒருநாளும் என் மண்டையில் உறைக்கவில்லை. ஆலைகளைப் பார்க்க நாங்கள் போவதெல்லாம் வைகாசி, ஆனியில். பராமரிப்புக்காக மூடியிருப்பார்கள், இயந்திரங்களைத் திறந்து பார்க்க வசதி. அப்போது எல்லா ஆலையும் கழுவித் துடைத்த சமையலறை மாதிரி இருக்கும். நான் அந்தச் சமையலறைக்கு வரைபடம் போட்டேன். சமைக்கும்போது போய்ப் பார்க்கவில்லை.

புது ஆலை ஓட ஆரம்பித்தது. மூன்றாவது தை மாதம், தீயணைப்பு பம்பு சம்பந்தமாக ஏதோ சந்தேகம் என்று கூப்பிட்டார்கள். அப்போதுதான் முதல்முறையாகப் பருவத்தில் உள்ளே போனேன். என் வெள்ளை இடத்தைக் காணோம். கிடங்குச் சுவரிலிருந்து கூடத்துச் சுவர்வரை தவிட்டு மூட்டைகள், இரண்டு ஆள் உயரத்துக்கு, மேலே தார்ப்பாய் போட்டு. ஒரு நெருப்பை இன்னொன்றிடம் போகாமல் தடுக்க நான் விட்ட இடத்தில், அது நடந்து போவதற்குப் பாதை போட்டு வைத்திருந்தார்கள்.

இருதயராஜ் என்னைப் பார்த்துவிட்டு வந்தார். ‘அப்பவே சொன்னேனே’ என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டு மறந்திருப்பேன். “வாங்க சார், ஒண்ணு காட்டறேன்” என்று மூட்டைகளுக்கு நடுவே கூட்டிப் போனார். ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. வளைந்து வளைந்து போய் வால்வின் முன்னால் முடிந்தது.

“தெனம் ஷிப்டு ஏறுனதும் மொத வேல இதான் சார். லோடு மேன் பசங்க அடுக்கிட்டுப் போயிருவாங்க. நா சண்ட போட்டுப் பிரிச்சு விடுவேன். ‘இருதயண்ணன் சந்து’ன்னு கேலி பண்றானுவ.”

“நீங்க இல்லாத ஷிப்டுல?”

“அதான் சார் எனக்கும் பயமா இருக்கு. நீங்க எழுதிக் குடுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

அன்று மாலையே எழுதினேன். கடுமையாகத்தான் எழுதினேன். இடைவெளியில் ஒரு மூட்டைகூட இருக்கக்கூடாது, அகற்றும்வரை கூடத்தை ஓட்டக்கூடாது என்று. அதை எங்கள் தலைமை வடிவமைப்பாளரிடம் கொண்டுபோனேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இரண்டு கலைகளில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்று வரைபடம். இன்னொன்று கடிதம்.

“படம் தப்பா இருந்தா அழிச்சுத் திருத்திக்கலாம்யா. கடிதம் தப்பா இருந்தா யார் திருத்துவா? பருவத்துல ஆலைய நிறுத்துன்னு எழுதறியே, நிறுத்துவானா? நிறுத்தமாட்டான். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, தெரிஞ்சும் நீ ஏன் சும்மா இருந்தேன்னு நம்மளக் கேப்பாங்க. தெரிஞ்ச மாதிரியும் இருக்கணும், தெரியாத மாதிரியும் இருக்கணும்.”

பேனாவை எடுத்து நாலு இடத்தில் கை வைத்தார். கடிதம் இப்படி ஆனது: ‘பருவகாலங்களில் இடைவெளிப் பகுதியில் சரக்கு இருப்பு வைப்பதைக் கூடியவரை குறைத்துக்கொள்வது விரும்பத்தக்கது.’ நான் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினேன். கூடியவரை என்றால் என்ன என்று எந்த மேலாளருக்கும் நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் தன் வசதிப்படி கூடியவரை குறைத்தார். உங்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். என்னைப் போல நல்ல ஆசான் கிடைத்தவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். அவர்கள் தொழிலையும் சொல்லித்தருவார்கள், தொழிலிலிருந்து தப்பிப்பதையும் சொல்லித்தருவார்கள். இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.

அடுத்த தையில் அது நடந்தது. மார்கழிக் கடைசியில் பெய்த மழையில் லாரிகள் நனைந்திருந்தன. ஈரத் தவிடு அடிவரிசையில் போய்விட்டது. பிற்பகல் இரண்டு மணி ஷிப்டு மாறும் நேரத்தில் இடைவெளி மூட்டைகளில் புகை வந்தது. தார்ப்பாயைப் பிரித்ததும் காற்றுப்பட்டுப் பற்றிக்கொண்டது. குழாய் பக்கத்திலேயே போகிறது. குழாய் இணைப்புகள் சூட்டில் விட்டுக்கொடுத்தால், தொட்டியில் இருக்கும் ஹெக்ஸேன் முழுக்க அந்த நெருப்பில் இறங்கும். உள்ளே இரண்டு ஷிப்டு ஆட்களும் இருந்தார்கள்.

இருதயராஜ் தன் சந்துக்குத்தான் ஓடியிருக்கிறார். சந்து இல்லை. அவர் இரண்டு நாள் விடுப்பில் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் ஷிப்டுக்கு வந்திருந்தார். அந்த இரண்டு நாளில் லோடு மேன்கள் சந்தை அடைத்து அடுக்கிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இடம் காலியாக இருந்தது, அடுக்கினார்கள். அது ஏன் காலியாக இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் நான் ஒரு சொல்கூட எழுதிவைக்கவில்லை.

அவர் மூட்டை மேல் ஏறினார். அவர் ஏறிய பக்கம் மேலே கறுத்துக்கூட இருக்கவில்லையாம், உள்ளே கனிந்துகொண்டிருந்திருக்கிறது. வால்வுக்குப் போய்ச் சேர்ந்தார். மூடினார். திரும்பும்போது காலடியில் மூட்டைகள் உள்வாங்கிவிட்டன. இரண்டு பேர் அவரை இழுத்து எடுத்தார்கள். நான்காம் நாள் திருச்சியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை. கூடத்துக்கு நெருப்பு போகவில்லை.

தீப்பிடித்த மறுநாளே நான் ஆலைக்குப் போய்ப் பார்த்தேன். வால்வின் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. அவ்வளவு இறுக்கி மூடியிருந்தார்.

விசாரணையில் என்னைக் கூப்பிட்டார்கள். வரைபடத்தின்படி வால்வுக்குத் தடையற்ற வழி உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றேன். இடைவெளி விதிப்படி இருந்ததா? விதிக்கு மேலேயே இருந்தது என்றேன். சரக்கு வைப்பது பற்றி எச்சரித்தீர்களா? கடிதத்தை நீட்டினேன். இயக்குநர்கள் யாராவது வால்வின் இடத்தைப் பற்றி ஆட்சேபம் சொன்னார்களா? கூட்டக் குறிப்பில் ‘இல்லை’ என்று இருந்தது. அதை நீட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதற்குத் திறமை எதுவும் வேண்டியதில்லை. ஒழுங்காகக் கோப்பு வைத்திருந்தால் போதும். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, அந்த ‘இல்லை’யைத் தவிர. அறிக்கை வந்தது. இயக்குநராகிய இருதயராஜ், அனுமதியின்றி, தற்காப்பு உடையின்றி, எரியும் பகுதிக்குள் நுழைந்ததே மரணத்துக்குக் காரணம் என்று.

பிறகு ஒரு பாராட்டு விழா. தீ கூடத்துக்குத் தாவாமல் என் இட அமைப்பு தடுத்துவிட்டது என்று பேசி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் போர்த்திக்கொண்டேன். அதைத் தொடர்ந்துதான் பயிற்சிக்குப் படம் கேட்டார்கள். ஒரு மாலையில் உட்கார்ந்து வரைந்தேன்.

இரண்டு மூன்று மாதம் கழித்து அவர் மனைவி ஆரோக்கியமேரி அலுவலகத்துக்கு வந்தார். அவரும் நாற்காலியில் உட்காரவில்லை.

“ஊர்ல, கவனக்கொறவா உள்ள போயி செத்தாருன்னு பேசிக்கிறாங்க சார். கம்பெனி பேப்பர்லயும் அப்படித்தான் இருக்காம். ஆனா அவரு வீட்ல வந்து சொல்லியிருக்காரு. பெரிய ஆபீஸ்ல, படத்து மேல வெரல வெச்சே, வால்வ மாத்துங்கன்னு சொன்னேன்னு. நீங்கதான் சார் இருந்தீங்களாமே. அவரு சொன்னாருன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும். வேற ஒண்ணும் கேக்கல.”

“மேல கேட்டுட்டுச் சொல்றேம்மா.”

மேலே கேட்டேன். “ஒரு வரி எழுதினா அது நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்” என்றார் தலைமை வடிவமைப்பாளர். அதற்குப் பிறகு அந்த அம்மாவுக்கு நான் பதிலே சொல்லவில்லை. அவரும் மறுபடி வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் பயிற்சி வகுப்புகளுக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போன மார்கழியில் துவாக்குடிப் பக்கம் ஒரு வகுப்பு. பாலிடெக்னிக் முடித்துவிட்டுப் பயிற்சியில் சேர்ந்திருந்த பிள்ளைகள் நாற்பது பேர். வழக்கம்போல அந்தப் படம் வந்தது, வழக்கமான வரியைச் சொன்னேன். அடுத்த படத்துக்குப் போகக் கையை நீட்டியபோது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“சார், அவரு ஏன் மூட்டை மேல ஏறுனாரு?”

“அவசரத்துல யோசிக்காம ஏறிட்டாரும்மா. அதுக்குத்தான் இந்தப் பாடம்.”

“சந்து ஒண்ணு இருந்துச்சே சார். அது என்னாச்சு?”

நான் வரைந்த படத்தில் சந்து கிடையாது. விசாரணை அறிக்கையிலும் கிடையாது. அந்த அறையில் அந்தச் சந்தில் நடந்து போன ஆள் நான் ஒருவன்தான்.

“உன் பேரு என்னம்மா?”

“ஜெனிபர் சார்.”

“அப்பா பேரு?”

அவள் திரையைப் பார்த்தாள். “அவருதான் சார்” என்றாள்.

மற்றவர்களுக்கு எதுவும் புரியவில்லை. மிச்சப் படங்களைக் காட்டாமல் வகுப்பை முடித்துவிட்டேன். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. நோட்டை எடுத்துக்கொண்டு தோழிகளோடு வெளியே போனாள். அதன் பிறகு நான் எந்த வகுப்புக்கும் போகவில்லை.

தை பிறந்ததும் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். பத்து வருடம் தள்ளிப்போட்ட ஒரு வரி, எழுத எழுத ஒரு பக்கம் ஆனது. வரைபடக் கூட்டத்தில் இயக்குநர் இருதயராஜ், பருவத்தில் இடைவெளியில் மூட்டைகள் வரும் என்றும், வால்வைச் சாலைப் பக்கம் மாற்ற வேண்டும் என்றும் தெளிவாகச் சொன்னார். நான் ஏற்கவில்லை. கூட்டக் குறிப்பில் ‘இல்லை’ என்று எழுதியது நான். பிறகு அவர் தினமும் தன் கையால் வால்வுக்கு வழி விட்டுவைத்திருந்ததை நேரில் பார்த்தேன். விசாரணையில் இதைச் சொல்லவில்லை. அன்று கூடத்தில் இருந்தவர்கள் உயிரோடு இருப்பது என் இட அமைப்பினால் அல்ல, அவர் வால்வை மூடியதனால். கீழே கையெழுத்துப் போட்டேன். என் மனைவி வாங்கிப் படித்தாள்.

“கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரம்” என்றாள். கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்து, “போய்க் குடுத்துட்டு வாங்க” என்றாள்.

டோல்கேட்டில் பஸ் நின்றது. முன்னால் தவிட்டு லாரிகள். முதல்முறையாக நான் யாரையும் திட்டவில்லை.

லால்குடி தாண்டி, வாய்க்கால் ஓரமாக ஒரு கிராமம். கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஆரோக்கியமேரிக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. உள்ளே வரச் சொல்லி நாற்காலி போட்டார். இந்த முறை நிற்க வேண்டியவன் நான், ஆனால் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, ஜெனிபரும் வீட்டில் இருந்தாள். கடிதத்தை ஆரோக்கியமேரி மெதுவாக, உதட்டை அசைத்து முழுக்கப் படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தி மகளைப் பார்த்தார்.

“இவ புதுநன்மை வாங்குறதுக்குத்தான் சார் அந்த ரெண்டு நாள் லீவு போட்டாரு. ஊர்க் கோயில் திருவிழாவுல, மொத மொதலா நற்கருணை வாங்குனா. புதுச் சட்ட போட்டு, ஊரெல்லாம் கூட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு. அந்த ரெண்டு நாள்ல சந்த அடைச்சுட்டாங்க. தன்னாலதான் அப்பா போயிட்டாருன்னு இவ இன்னிக்கும் நெனச்சுக்கிட்டு இருக்கா. எத்தன சொன்னாலும் கேக்கமாட்டேங்கிறா.”

இதைக் கேட்க நான் தயாராக இருக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை ஒன்று, வால்வை எங்கே வைப்பது என்பதில் நான் செய்த தப்பை இத்தனை வருடம் தன் தலையில் சுமந்திருக்கிறது. நான் பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன்.

“உன்னால இல்லம்மா, என்னாலதான்” என்றேன். இதைச் சொல்ல ஒரு நொடிதான் ஆனது. ஜெனிபர் தலையை மட்டும் ஆட்டினாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆரோக்கியமேரி கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார்.

“சீல் இல்லையே சார்?”

“ரிட்டயர் ஆயிட்டேம்மா. சீல் ஆபீஸ்ல இருக்கும்.”

“நா வந்தன்னிக்கு இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சும்மா.”

அவர் கடிதத்தை மகளிடம் கொடுத்துவிட்டு டீ போட உள்ளே போனார். ஜெனிபர்தான் பேசினாள்.

“அந்தப் படத்த மட்டும் மாத்திருங்க சார். எங்க கம்பெனில மாசா மாசம் புது பேட்ச் வருது. எல்லாருக்கும் காட்டறாங்க. நா அந்த ஹால் பக்கமே போறதில்ல.”

மறுநாள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். என்னிடம் பயிற்சி பெற்ற பையன்தான் இப்போது அந்தப் பிரிவைப் பார்க்கிறான், மரியாதையான பையன். “சார், அது அப்ரூவ் ஆன மெட்டீரியல். வெளியாள் சொல்லி மாத்த முடியாது. சர்வீஸ்ல இருக்கற யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டு சீல் வெச்சுக் குடுத்தா மாத்திரலாம்” என்றான். எல்லாம் நான் வகுத்த நடைமுறைதான். வெளியாள் என்று அவன் சொன்னது என்னைத்தான்.

எனவே அனுபவக் கட்டுரை கேட்டவர்களுக்கு இதை எழுதிக் கொடுக்கிறேன். அச்சிடுவார்களா என்று தெரியாது. அச்சிட்டால், படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் இதைச் செய்யுங்கள். பழைய கோப்பில் அந்தக் கூட்டக் குறிப்பு இருக்கும். ‘இல்லை’ என்ற சொல்லை அடித்துவிட்டு அவர் சொன்னதை எழுதுங்கள். பிறகு அந்தப் படத்தைத் திறந்து, மூட்டை மேல் ஏறிய ஆளின் மேல் இருக்கும் சிவப்புக் குறியை எடுத்து வால்வின் மேல் போடுங்கள். ஆளின் பக்கத்தில் ‘இருதயராஜ்’ என்று பெயர் எழுதுங்கள். என்னிடம் முத்திரை இல்லை. உங்களிடம் இருக்கிறது.